நடுவில் ஒரு வருஷம் வேறு நாட்டில்: பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்கப் போகும் இராமநாதபுரம் கடற்கரை மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் பயோமெடிக்கல் சயின்ஸ் பட்டம் 3 வருஷம். இரண்டாம் வருஷம் முடித்ததும் ஜெர்மனி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் படித்து, திரும்பி வந்து இறுதி வருஷத்தை முடித்தால் அது 4 வருஷப் பட்டம். இந்த வழிகாட்டி அந்த 4 வருஷப் பட்டத்துக்கானது. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, இந்தப் பக்கம் இராமேசுவரம் வரை உள்ள மாணவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

இதில் தடுக்கி விழுகிறவர்கள் பாடத்தில் விழுவது குறைவு. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் விழுகிறார்கள். வெளிநாட்டு வருஷம் மூன்றாவதாக வந்தாலும், அதற்கான பாதி முடிவுகளை +2 படிக்கும்போதே எடுத்தாக வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. என்ன படிப்பு என்பதை வீட்டில் எல்லோருக்கும் புரிய வையுங்கள்

இது எம்.பி.பி.எஸ். அல்ல. படித்து முடித்தால் டாக்டர் ஆக முடியாது, நீட் எழுதவும் தேவையில்லை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கும் அல்ல. நோயை ரத்தத்தில், திசுவில், கிருமியில், மரபணுவில் தேடும் அறிவியல் இது. ரத்தவியல், நோய் எதிர்ப்பியல், மருத்துவ உயிர்வேதியியல், திசு நோயியல், மருத்துவ நுண்ணுயிரியல் ஆகியவை இதன் தூண்கள்.

ஊரில் பலர் நினைப்பது போல லேப் டெக்னீசியன் படிப்பும் அல்ல. நம்மூர் அரசு மருத்துவமனை ஆய்வக நுட்பநர் வேலைக்கு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம்) வகைப் படிப்பைத்தான் கேட்கிறார்கள். பிரிட்டன் பட்டத்தோடு வந்து அந்த வரிசையில் நின்றால் ஏமாற்றம்தான். அரசு வேலைதான் குறிக்கோள் என்றால் இங்கேயே அந்தப் படிப்பில் சேருவது மேல். செலவும் பல மடங்கு மிச்சம்.

இந்தப் பேச்சை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் பணம். மகன் டாக்டராகப் போகிறான் என்று நினைத்து வீட்டை அடமானம் வைக்கும் குடும்பத்துக்கு, இரண்டாம் வருஷத்தில் உண்மை தெரியக் கூடாது.

2. பட்டத்தைத் தேடும்போது பெயரைப் பார்க்காதீர்கள், மூன்று விஷயங்களைப் பாருங்கள்

முதல் விஷயம், அங்கீகாரம். பிரிட்டன் மருத்துவமனை ஆய்வகத்தில் 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' என்ற பெயரில் வேலை செய்ய எச்.சி.பி.சி. என்ற, சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பில் பதிவு வேண்டும். அதற்கு ஐ.பி.எம்.எஸ். (இந்தத் துறையின் தொழில்முறைச் சங்கம்) அங்கீகரித்த பட்டமும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பயிற்சி எடுத்து முடித்த பயிற்சிக் கோப்பும் தேவை. புகழ்பெற்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் பட்டத்துக்கு இந்த அங்கீகாரம் இருக்காது. முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்கு அது குறையல்ல. மருத்துவமனை வேலை வேண்டுபவர் அப்படிப் படித்துவிட்டால், பிறகு கூடுதல் பாடங்களைக் காசு கட்டிப் படிக்க வேண்டிவரும். ஐ.பி.எம்.எஸ். தளத்தில் அங்கீகாரப் பட்டியல் இருக்கிறது. அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் 'வெளிநாட்டு வருஷத்தோடு' என்ற பட்டப் பெயரும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த வருஷம் எப்படிப்பட்டது என்பது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வருஷம் வேறு, மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ வேலை பழகும் 'பிளேஸ்மென்ட்' வருஷம் வேறு. பயிற்சிக் கோப்பு முடிக்கும் வாய்ப்பு இரண்டாவதில்தான். இரண்டையும் ஒரே பட்டத்தில் பெறலாம் என்று எந்த முகவராவது சொன்னால், அதைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, பாடக் குறியீடு. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான யூகாஸில் 3 வருஷப் பட்டத்துக்கு ஒரு குறியீடு, 4 வருஷத்துக்கு வேறு குறியீடு. 'முதலில் 3 வருஷத்தில் சேர், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பது அடிக்கடி காதில் விழும் அறிவுரை. பிரிட்டன் மாணவருக்கு அது சரி. உங்கள் விசாவின் காலமோ, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்றில் இருக்கும் பட்டத்தைப் பொறுத்தது. பின்னால் மாற்றினால் புதிய சான்று, புதிய விசா, மறுபடியும் கட்டணம். 4 வருஷத்திலிருந்து 3 வருஷத்துக்கு இறங்குவது சுலபம். ஏறுவதுதான் கடினம். ஆகவே 4 வருஷக் குறியீட்டிலேயே விண்ணப்பியுங்கள்.

ஸ்காட்லாந்தில் சாதாரண ஆனர்ஸ் பட்டமே 4 வருஷம். அங்கே வெளிநாட்டு வருஷம் பெரும்பாலும் மூன்றாம் வருஷத்துக்குப் பதிலாகவே வரும். கூடுதல் வருஷம் ஆகாது. இதைக் கணக்கில் எடுக்காமல் இங்கிலாந்துப் பட்டத்தோடு ஒப்பிட்டால் செலவுக் கணக்கு தப்பாகும்.

3. பாஸ்போர்ட்டும் பெயரும்: +1 கோடை விடுமுறையில்

இராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வருகிறது. 15 முதல் 18 வயதுக்குள் விண்ணப்பிப்பவருக்கு இரண்டு வழி உண்டு: 18 வயது வரை மட்டும் செல்லும் பாஸ்போர்ட், அல்லது 10 வருஷப் பாஸ்போர்ட். முன்னது 1,000 ரூபாய், பின்னது 1,500. ஐந்நூறு ரூபாயை மிச்சப்படுத்தி முன்னதை எடுத்தவர், விசா நேரத்தில் புதுப்பிக்க ஓடுவார்.

பெயர்தான் பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பிறப்புச் சான்றில் குழந்தை பெயரே இல்லை. இந்த மூன்றும் ஒரே வீட்டில் சர்வ சாதாரணம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முகம்மது, செய்யது போன்ற பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டு ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். +2 மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும் முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லுவார்கள். அந்த நாளை விட்டால் திருத்தம் சென்னை வரை இழுக்கும்.

பிறப்புச் சான்றில் உங்கள் பெயரும் அம்மா, அப்பா பெயரும் இருக்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்காக அல்ல. பெற்றோர் வங்கிக் கணக்கைக் காட்டி விசா எடுக்கும்போது உறவுக்கு ஆதாரம் இதுதான். தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

4. மதிப்பெண்ணில் எதைப் பார்க்கிறார்கள்

உயிரியலும் வேதியியலும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயோ-மேத்ஸ் பிரிவில் தாவரவியலும் விலங்கியலும் ஒரே 'உயிரியல்' தாளாக வரும். பியூர் சயின்ஸில் இரண்டும் தனித்தனி. பின்னதில் கணிதம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் 10-ஆம் வகுப்புச் சான்றில் பார்த்துக்கொள்ளும். 10-இல் கணிதத்தில் தடுமாறியவருக்குத்தான் சிக்கல். சேர்க்கை அலுவலகத்துக்கு முதலிலேயே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை ஏற்பதில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபாடு உண்டு. சில நேரடியாகச் சேர்க்கும், சில ஒரு வருஷ 'ஃபவுண்டேஷன்' (பட்டத்துக்கு முந்தைய தயாரிப்புப் படிப்பு) கேட்கும். இந்தியா என்ற பக்கத்தில் சி.பி.எஸ்.இ.க்கு எழுதியிருக்கும் சதவீதத்தை உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாநில வாரியங்களுக்குத் தனி வரி இருக்கும்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் 6.0 முதல் 6.5 என்பதே பரவலாகக் கேட்கப்படுவது. ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்ச மதிப்பெண் தனியே இருக்கும். மொத்தம் 6.5 வாங்கி எழுத்தில் 5.0 ஆனால் போச்சு. தேர்வு முடிவு 2 வருஷம் மட்டுமே செல்லும். முதல் சேர்க்கைக்கு எடுத்தது மூன்றாம் வருஷத்தில் காலாவதி ஆகிவிடும். ஆனால் அப்போது பெரும்பாலான இடங்களில் உங்கள் பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் கடிதமே போதும். பணம் கட்டி மறுபடி எழுதுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

5. யூகாஸ் விண்ணப்பம்: அக்டோபர், நவம்பரில்

ஒரே விண்ணப்பத்தில் 5 தேர்வுகள். முதல் கட்டக் கடைசி நாள் ஜனவரி நடுவில் வரும். சர்வதேச மாணவர்கள் ஜூன் 30 வரை அனுப்பலாம் என்பது உண்மைதான். மிச்சம் இருக்கும் இடங்களுக்குத்தான் அது. வெளிநாட்டு வருஷத்தோடு வரும் பட்டங்களில் இடம் குறைவு, சீக்கிரம் மூடிவிடும்.

இங்கே நம் பள்ளிகளுக்குப் பழக்கமில்லாத ஒன்று வரும்: எதிர்பார்க்கும் மதிப்பெண். பொதுத்தேர்வு மார்ச்சில், முடிவு மே மாதத்தில். அதற்கு முன்பே ஒவ்வொரு பாடத்திலும் இவர் எவ்வளவு எடுப்பார் என்று ஆசிரியர் எழுதித் தர வேண்டும். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து, பாட வாரியாக, பள்ளி முத்திரையோடு கேளுங்கள். தலைமையாசிரியர் 'முடிவு வராமல் எப்படித் தருவது' என்று தயங்குவார். யூகாஸின் மாதிரிப் படிவத்தை அச்செடுத்துப் போய்க் காட்டினால் பேச்சு சுருங்கும். பரிந்துரைக் கடிதம் 'நல்ல ஒழுக்கம் உள்ளவர்' என்ற நன்னடத்தைச் சான்றாக ஆகிவிடக் கூடாது. உயிரியல் ஆசிரியர், செய்முறையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நாலு வரி எழுதினால் அதற்கு எடை அதிகம்.

தன்விளக்கக் கட்டுரை 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாக மாறிவிட்டது: ஏன் இந்தப் பாடம், பள்ளிப் படிப்பு உங்களை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. 'சிறுவயது முதலே மருத்துவத்தில் ஆர்வம்' என்று தொடங்கும் கட்டுரைகளை அவர்கள் ஆயிரக்கணக்கில் படித்திருப்பார்கள்.

நம் கடற்கரையில் இதற்குப் பொருள் கொட்டிக் கிடக்கிறது, எழுதுகிறவர்தான் குறைவு. நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் உறைய வைக்கும் அகார், மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவது. ஒரு லிட்டர் ஊடகத்துக்கு சுமார் 15 கிராம். 85 டிகிரி வாக்கில் உருகும், 40-க்குக் கீழே வந்தால்தான் உறையும். ஜெலட்டின் ஏன் இந்த வேலைக்கு ஆகாது என்று யோசித்து எழுதினால் (37 டிகிரி அடைகாப்பில் அது உருகிவிடும்) அது ஆர்வத்துக்குச் சாட்சி. இராமேசுவரம் தீவில் மலேரியா நெடுங்காலமாக இருந்துவரும் பிரச்சினை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதி கேட்டு, ரத்தப் பூச்சு எடுப்பதைப் பாருங்கள்: தடித்த பூச்சு ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேட, மெல்லிய பூச்சு எந்த இனம் என்று பிரிக்க. நோயாளியின் பெயர், படம் எதுவும் கட்டுரையில் வரக் கூடாது. இரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் விதி என்பதால், மீறினால் அதுவே உங்களுக்கு எதிராகப் பேசும்.

முகவர் மூலம் போவது தவறில்லை. ஆனால் பெரும்பாலான முகவர்களுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம். அதனால் கமிஷன் தரும் இடங்களை மட்டும் காட்டுவார்கள். யூகாஸ் கணக்கின் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

6. பணம்: அதிகம் பேர் விழும் குழி

விசாவுக்குக் காட்ட வேண்டியது, முதல் வருஷக் கல்விக் கட்டணத்தில் கட்டாத மிச்சமும் 9 மாத வாழ்க்கைச் செலவும். 2025 நவம்பரிலிருந்து மாதத்துக்கு லண்டனில் 1,529 பவுண்டு, வெளியே 1,171. லண்டனுக்கு வெளியே என்றால் 9 மாதத்துக்கு 10,539. உதாரணத்துக்கு, கட்டணம் 22,000 பவுண்டு, முன்பணம் 5,000 கட்டியாயிற்று என்றால், 17,000-மும் 10,539-மும் சேர்த்து 27,539 பவுண்டு கணக்கில் இருக்க வேண்டும். தொகைகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் வாரம் பிரிட்டன் அரசின் தளத்தில் மறுபடி பாருங்கள்.

அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பவுண்டு குறைந்தாலும் நிராகரிப்புதான். 28-ஆம் நாளுக்கும் விண்ணப்ப நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. ரூபாய் மதிப்பு ஆடுவதால் 5 சதவீதம் கூடுதலாக வைத்திருங்கள்.

யாருடைய கணக்கு என்பதில்தான் நம்மூர்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. மாணவர் கணக்கு, பெற்றோர் கணக்கு, சட்டப்படியான பாதுகாவலர் கணக்கு செல்லும். தாய்மாமா, பெரியப்பா, அண்ணன், மச்சான் கணக்கு செல்லாது. படிக்க வைப்பது சிங்கப்பூர் மாமாவாகவே இருக்கலாம். ஆனால் பணம் 28 நாள் தொடங்கும் முன் அம்மா அல்லது அப்பா கணக்குக்கு வந்துவிட வேண்டும். நகை செல்லாது. நிலப் பத்திரம் செல்லாது. எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய வைப்புத்தொகை செல்லும்.

சபுரில் (வெளிநாட்டு வேலையில்) இருக்கும் வாப்பாவின் துபாய் கணக்கைக் காட்டலாம். அவர் அங்கிருந்தே பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்துவது நல்லது. ஊர்க் கணக்குக்கு அனுப்பி, இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் பகுதிக்கு வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஆனால் அந்தக் காசு மாதக்கணக்கில் முடங்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

கல்விக் கடன் எடுப்பவர் முதல் நாளிலேயே 4 வருஷத்துக்கும் ஒப்புதல் வாங்குங்கள். 3 வருஷத்துக்கு வாங்கிவிட்டு, வெளிநாட்டு வருஷத்துக்குக் கூட்டிக் கேட்டால் கோப்பு மறுபடி தொடக்கத்திலிருந்து நகரும். பெரிய தொகைக்குச் சொத்து அடமானம் கேட்பார்கள். வில்லங்கச் சான்று, பட்டா, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு என்று வாரக்கணக்கில் இழுக்கும். கடற்கரைக் குப்பங்களில் பட்டா இல்லாத வீடுகள் அடமானத்துக்கு ஆகாது. உறவினர் சொத்தை வைக்க நேர்ந்தால் அவர் கையெழுத்துக்கு ஊரில் இருக்கும் மாதத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கடன் கடிதம் மாணவர் பெயரில், விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் தேதியிட்டு இருக்க வேண்டும்.

உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும்தான், இளநிலைக்கு அல்ல.

கடைசியாக, வெளிநாட்டு வருஷத்தின் கட்டணம். 'அந்த வருஷம் 15 சதவீதம் மட்டும்' என்று பல்கலைக்கழகத் தளத்தில் படித்துவிட்டு மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. அது உள்நாட்டு மாணவருக்கான உச்சவரம்பு. சர்வதேச மாணவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. சேருவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். பரிமாற்ற ஒப்பந்தமா என்றும் கேளுங்கள். ஒப்பந்தம் இருந்தால் விருந்தளிக்கும் (அந்த வருஷம் நீங்கள் போய்ப் படிக்கும்) பல்கலைக்கழகம் தனிக் கட்டணம் வாங்காது. இல்லையென்றால் இரண்டு பக்கமும் கட்ட நேரலாம்.

7. காசநோய்ச் சான்று, விசா

இந்தியாவிலிருந்து 6 மாதத்துக்கு மேல் போகிறவர் பிரிட்டன் அங்கீகரித்த மருத்துவ மையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சான்று வாங்க வேண்டும். ஊர் மருத்துவமனைச் சான்று செல்லாது. சான்று 6 மாதம் செல்லும். படத்தில் சந்தேகம் வந்தால் சளி வளர்ப்புச் சோதனைக்கு 2 மாதம் ஆகும். ஆகவே கடைசி மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்; ஜூன் தொடக்கம் சரியான நேரம்.

சான்று கையில் வந்த பிறகே விசா விண்ணப்பம். அதனால் எக்ஸ்ரேயும் கைரேகைப் பதிவும் ஒரே சென்னைப் பயணத்தில் முடிவது கடினம். சேது எக்ஸ்பிரஸுக்கு இரண்டு முறை டிக்கெட் போடுங்கள்.

விசாக் கட்டணத்துக்கு மேல் சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் மொத்தமாக, முன்கூட்டியே. 4 வருஷப் படிப்புக்கு விசா 4 வருஷத்தைத் தாண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட மிச்சத்துக்குப் பாதித் தொகை. ஆக 3,492 பவுண்டு அளவில் வரும். நீங்கள் வேறு நாட்டில் இருக்கப்போகும் வருஷமும் இதில் அடக்கம். இது பலர் பட்ஜெட்டில் விட்டுப்போகும் தொகை.

18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் தனியே வேண்டும். நேர்காணல் வைத்தால் 'ஏன் இந்தப் பட்டம், மூன்றாம் வருஷம் எங்கே, எந்தப் பாடங்கள்' என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும். பாடப் பட்டியலைப் படித்துவிட்டுப் போங்கள்.

8. புறப்படும் முன்: தடுப்பூசியும் கைப்பழக்கமும்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 தவணை: முதல் நாள், 1 மாதம், 6 மாதம். முடிந்த 1 முதல் 2 மாதத்தில் எதிர்ப்புப் பொருள் அளவு 10 அலகுக்கு மேல் வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் 7, 8 மாதம். +2 தேர்வு முடிந்ததும் தொடங்கினால் மூன்றாம் தவணை அங்கே போய் வரும். +2 தொடக்கத்தில் ஆரம்பித்தால் எல்லாம் ஊரிலேயே முடியும். மாணவரை மருத்துவமனை ஆய்வகத்தில் விடும் இடங்கள் இந்த ஆவணத்தைத்தான் முதலில் கேட்கும். தட்டம்மை வகைத் தடுப்பூசி 2 தவணையும் சின்னம்மையும் சேர்த்து, தேதி, மருந்தின் பெயர், மருத்துவர் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் ஒரே அட்டையாக வாங்குங்கள்.

ஒரு சிக்கல்: நாமெல்லாம் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டவர்கள். அதனால் தோலில் போடும் காசநோய்ச் சோதனை பாசிடிவ் காட்டலாம். அப்போது பதறாமல், பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாத 'இக்ரா' ரத்தச் சோதனையைக் கேளுங்கள்.

அடுத்தது மைக்ரோபிபெட், மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி. மாநிலப் பாடத்திட்டச் செய்முறையில் அது பெரும்பாலும் கண்ணில் படாது. அங்கே முதல் வாரமே கையில் கொடுப்பார்கள். தெரிந்த கல்லூரி ஆய்வகம் ஏதாவது இருந்தால் ஒரு நாள் கேட்டுப் பழகுங்கள். கட்டைவிரலுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, இரண்டாவது வரை அழுத்தி வெளியேற்ற வேண்டும். இரண்டாவது வரை அழுத்திவிட்டு உறிஞ்சினால் அளவு கூடிவிடும். புதியவர் முடிவுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்வதற்கு இதுதான் காரணம். சரிபார்க்க: 1,000 மைக்ரோலிட்டர் தண்ணீர் தராசில் ஏறக்குறைய 1 கிராம் காட்ட வேண்டும்.

நீர்த்தல் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள். 1 மில்லிலிட்டர் மாதிரியோடு 9 மில்லிலிட்டர் கலந்தால் பத்தில் ஒன்று. 9-க்குப் பதில் 10 ஊற்றுவது வழக்கமான பிழை. நான்கு முறை அப்படி நீர்த்து, அதில் 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் பரப்பி 45 கூட்டங்கள் (காலனிகள்) வளர்ந்தால், மூல மாதிரியில் மில்லிலிட்டருக்கு 45 லட்சம். 0.1-ஆல் வகுக்க மறப்பவருக்கு 4.5 லட்சம் வரும். 30-க்குக் கீழே, 300-க்கு மேலே எண்ணிய தட்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது: குறைவென்றால் தற்செயல் ஆதிக்கம், அதிகமென்றால் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

9. முதல் இரண்டு வருஷம்: வாசல் இங்கேதான் மூடும்

வெளிநாட்டு வருஷம் தானாக வராது. குறைந்தபட்ச சராசரி வேண்டும். பல இடங்களில் அது 60. ஊரில் 90-க்குக் கீழே பார்த்திராத மாணவர் முதல் கட்டுரைக்கு 58 வாங்கி உடைந்துபோவார். அங்கே 70-க்கு மேல் முதல் வகுப்பு, 60-க்கு மேல் அடுத்தது. 58 மோசமில்லை, ஆனால் வாசலைத் திறக்கப் போதாது. முதல் பருவத்திலேயே விடைத்தாள் குறிப்புகளை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் குறைவது பாட அறிவு அல்ல. மூலக் கட்டுரைகளைப் படித்து ஒப்பிட்டு எழுதாமல் பாடநூலைத் திருப்பி எழுதுவதுதான் காரணம். இணையத்திலிருந்து வரிகளை எடுத்து ஒட்டினால் அது மதிப்பெண்ணோடு நிற்காது, ஒழுங்கு நடவடிக்கை ஆகும்.

இரண்டாம் வருஷத்தில் ஒரே ஒரு பாடத்தில் தவறினாலும் மறுதேர்வு ஆகஸ்டில். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் பருவம் ஜூலையில் தொடங்கிவிடும். அமெரிக்காவில் ஆகஸ்டில். மறுதேர்வு எழுதிக்கொண்டே புறப்பட முடியாது என்பதால் வருஷமே கைநழுவும். புள்ளியியல் பாடத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. அதை முதல் வாரத்திலிருந்தே விடாதீர்கள்.

10. வெளிநாட்டு வருஷத்துக்கான விண்ணப்பம்: இரண்டாம் வருஷ இலையுதிர் காலத்தில்

இடத்தை ஊரின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், பாடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். விருந்தளிக்கும் பல்கலைக்கழகத்தில் எந்தெந்தப் பாடம் என்று எழுதி, இரு பக்கமும் கையெழுத்திடும் பாட ஒப்பந்தம்தான் முக்கிய ஆவணம். பிரிட்டனில் வருஷத்துக்கு 120 கிரெடிட். ஐரோப்பிய முறையில் அது 60. ஏற்கெனவே படித்த பாடத்தையே மறுபடி எடுத்தால் ஏற்க மாட்டார்கள். போன இடத்தில் பாடம் ரத்தானால் மாற்றுப் பாடத்துக்கு அன்றே மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

அந்த மதிப்பெண் இறுதிப் பட்டத்தில் சேருமா, வெறும் தேர்ச்சி மட்டுமா என்று கேளுங்கள். சேரும் என்றால் கடினமான பாடங்களை யோசித்து எடுக்கலாம். தேர்ச்சி மட்டும் என்றால் துணிந்து ஆய்வகப் பாடங்களை எடுக்கலாம். இறுதி வருஷ ஆய்வுத் திட்டத்துக்கு அது நேராக உதவும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எல்லா இடத்துக்கும் தனி விசா வேண்டும். கூடப் படிக்கும் பிரிட்டன் மாணவர்கள் 'சும்மா வந்துவிடலாம்' என்பார்கள். உங்களுக்கு அது பொருந்தாது. ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட அளவு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் படிவம் வந்த பிறகுதான் தூதரக நேரம் பதிவு செய்யலாம். இவற்றைப் பிரிட்டனில் இருந்தே விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிந்ததும் ஊருக்கு ஓடிவந்துவிட்டால், அதே வேலையைச் சென்னையிலிருந்து மறுபடி தொடங்க நேரும். டிக்கெட் எடுக்கும் முன் விசாவை முடியுங்கள்.

11. திரும்பி வந்த பிறகு

இறுதி வருஷத்தில் ஆய்வுத் திட்டம். வழிகாட்டி ஆசிரியர்களுக்கான விருப்பப் பட்டியல் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே, வசந்த காலத்தில் சுற்றுக்கு வரும். பல்கலைக்கழக மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டவருக்கு மிச்சம் இருக்கும் தலைப்புதான். தங்குமிடமும் அப்படியே, முன்பதிவை ஜனவரியிலேயே தொடங்குங்கள்.

படிப்பு முடிந்து அங்கே வேலை தேடத் தங்கும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலைப் பட்டதாரிகளுக்கு 2 வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. மருத்துவமனை ஆய்வகப் பயிற்சி இடம் கிடைக்கவே மாதங்கள் ஆகும் என்பதால், விண்ணப்பங்களை இறுதி வருஷ டிசம்பரிலேயே அனுப்பத் தொடங்குங்கள்.

இந்தியா திரும்பி மேற்படிப்புக்கோ அரசுப் பணிக்கோ போகிறவருக்குப் பட்டத்தின் சமத்தன்மைச் சான்று வேண்டும். அதற்கு எல்லா வருஷ மதிப்பெண் பட்டியலும் கேட்பார்கள், வெளிநாட்டு வருஷத்தினதும் சேர்த்து. விருந்தளித்த பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பும் முன், முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலில் இரண்டு பிரதிகளும் ஒவ்வொரு பாடத்தின் விவரத் தாளும் கையில் வாங்கிவிடுங்கள். மாணவர் கணக்கு மூடிய பிறகு அவற்றைக் கேட்டு வாங்க, தனிக் கட்டணமும் நீண்ட காத்திருப்பும் ஆகும்.